நாயின் வயிற்றில் முடி

சென்னையின் மேற்குப் புறநகரான பட்டாபிராம் பக்கம் நாய் வளர்ப்பவர்களிடையே ஒரு நோய்ப்பெயர் புழங்குகிறது. நாய் கழுத்தை நீட்டி இரண்டு தடவை ஓங்கரித்தால் போதும், "வயித்துல முடி உருண்டை இருக்கும் சார், கக்கிட்டா சரியாயிடும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். செல்லப்பிராணிக் கடைக்குப் போனால் பூனைக்கென்று வந்த பசை மருந்து ஒன்று கைக்கு வரும். பெயரும் பூனை வளர்க்கும் வீடுகளிலிருந்து வந்ததுதான். பூனைக்கு அது நன்றாகப் பொருந்தும். நாய்க்கு எப்போதாவதுதான்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய் உண்மையிலேயே முடியைக் கக்கினால், நோயைப் பெரும்பாலும் அதன் தோலில் தேட வேண்டும். எதுவும் வெளியே வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால், முடியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் சந்தேகப்பட வேண்டியவை வேறு நிறைய இருக்கின்றன. அவற்றில் சில, ஒரு ராத்திரி காத்திருந்தாலே நாயைக் கொன்றுவிடும். ஒன்று நம்மையும் கொல்லும்.

இந்தப் பேச்சு இப்போது ஏன் வந்தது என்பதற்கு ஊரின் நாய்களே பதில். ஒரு தலைமுறைக்கு முன் தண்டுரை, சேக்காடு பக்கம் தனி வீடுகளின் வாசலில் படுத்திருந்தவை நாட்டு நாய்கள். ரயில்வே, ராணுவக் குடியிருப்புகளில் லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் இருந்தன. பொமரேனியன் என்ற பெயரில் வெள்ளை ஸ்பிட்ஸ் நாய்கள் குரைத்தன. இன்று சி.டி.எச். சாலை என்கிற சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை நெடுக அடுக்ககங்கள். 2024 நவம்பரில் டைடல் பூங்காவும் திறந்தாகிவிட்டது. அடுக்ககத்துக்குள் வளர்வது ஷிட்சு, லாசா அப்சோ, கோல்டன் ரெட்ரீவர். எல்லாம் நீள முடி. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் உடம்போடு ஒட்டிய குட்டை முடிக்காரர்கள். அவையும் நக்கத்தான் செய்கின்றன, முடியும் உள்ளே போகத்தான் செய்கிறது. ஆனால் ஒரு சென்டிமீட்டர் முடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. பத்து சென்டிமீட்டர் முடி பின்னிக்கொள்ளும்.

பூனையின் நாக்கைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். தொண்டைப் பக்கம் வளைந்த கொக்கி போன்ற நுண்முட்கள் அதில் உண்டு. அந்த முட்களின் நுனியில் குழிவு இருப்பதையும், அதில் எச்சில் ஏறி முடியின் அடிவரை போய்ச் சேர்வதையும் 2018-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் காட்டினார்கள். உதிர்ந்த முடி அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டால் பூனையால் அதைத் துப்ப முடியாது, விழுங்கியே ஆக வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பங்கைப் பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே கழிக்கிறது. அதனால் அது முடி கக்குவதில் ஆச்சரியம் இல்லை.

நாயின் நாக்கு வழவழப்பானது. நாய் தன்னைச் சுத்தம் செய்துகொள்வதிலும் பெரிய அக்கறை காட்டாது. போகிறபோக்கில் நாலு முடி உள்ளே போகும். முடி என்பது கெரட்டின். வயிற்று அமிலமோ செரிமான நொதிகளோ அதைக் கரைப்பதில்லை. ஆனாலும் தங்கிவிடுவதில்லை. வயிறு காலியாக இருக்கும் நேரத்தில், ஏறத்தாழ ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரைப்பையில் தொடங்கிச் சிறுகுடலின் கடைசிவரை ஒரு பலத்த சுருக்கம் ஓடி, செரிக்காத மிச்சங்களைக் கீழே தள்ளுகிறது. இதை 1969-இல் ஷுர்ஷெவ்ஸ்கி என்ற ஆய்வாளர் விவரித்தது நாய்களின் குடலில்தான் என்பது நம் தலைப்புக்குப் பொருத்தமான தற்செயல். சாப்பாடு உள்ளே வந்ததும் இந்த ஓட்டம் நின்றுவிடும். ஆகவே நாள் முழுக்க பிஸ்கட், முறுக்கு, சப்பாத்தித் துண்டு என்று ஏதாவது வாயில் விழுந்துகொண்டே இருக்கும் நாயின் வயிற்றில் இந்தத் துப்புரவு குறைவாகவே நடக்கும் என்று கருத இடமிருக்கிறது. இரண்டு வேளைச் சாப்பாடு, நடுவில் பட்டினி என்ற பழைய வழக்கத்துக்கு இப்படி ஒரு நியாயம் உண்டு.

மலத்தில் முடி கலந்து வருவது இந்தத் துப்புரவின் விளைவு. நாயை நடக்கக் கூட்டிப் போகும்போது அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் முடி வருவது நல்லதுதான், உள்ளே தங்கவில்லை என்று அர்த்தம். நீள முடி நாய் வருஷத்துக்கு ஓரிரு முறை உணவோடு சேர்த்து ஒரு சிறு முடிக் கற்றையைக் கக்கிவிட்டு, உடனே வாலாட்டிக்கொண்டு சாப்பாட்டுத் தட்டுக்கு வந்தால் அதையும் விட்டுவிடலாம். அடிக்கடி வந்தால் விடக்கூடாது. மலத்தில் முடி கயிறு போல முறுகி வந்தாலும், ஒரே வாரத்தில் மறுபடி கக்கினாலும், இந்த நாய் ஏன் இவ்வளவு முடியை விழுங்குகிறது என்று கேட்க வேண்டும்.

பதில் பெரும்பாலும் அரிப்பு. அரிப்பெடுத்த நாய் நக்குவதோடு நிற்காது, முன்பற்களால் தோலைக் கொறிக்கும். அறுந்த முடி நேராக வயிற்றுக்குப் போகும். எந்த இடத்தைக் கொறிக்கிறது என்பதைக் கவனித்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும். வால் முளையும் இடுப்பும் என்றால் தெள்ளுப்பூச்சி. அதன் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடி போதும், வாரக்கணக்கில் கடித்துக்கொண்டே இருக்கும். பாதங்களையே நக்கி நக்கி முடி துரு நிறமாகிவிட்டதென்றால் தூசி, பூஞ்சை, உணவு என்று ஏதோ ஓர் ஒவ்வாமை. காது மடலின் ஓரமும் முழங்கையும் சொட்டையானால் சொறி. அந்தச் சொறியை உண்டாக்கும் நுண்சிலந்தி வீட்டு மனிதர்களின் கைகளிலும் தடிப்பை உண்டாக்கும். குட்டியின் முகத்தில் வட்ட வட்டமாக முடி கொட்டினால் வேறு வகை நுண்சிலந்தியாக இருக்கலாம், அந்த வகை நமக்குத் தொற்றாது.

உண்ணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையின் மேற்குப் புறநகரில் அது இல்லாத தெருவைக் காட்டுவது கடினம். பழுப்பு நாய் உண்ணி மற்ற உண்ணிகளைப் போலப் புல்வெளியை நம்பியிருப்பதில்லை. வீட்டுக்குள்ளேயே தன் வாழ்நாளை முடித்துக்கொள்ளும். ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயின் மேலிருந்து இறங்கிச் சுவர் விரிசலிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயைக் குளிப்பாட்டிவிட்டுச் சுவரை விட்டுவிட்டால் மூன்றாம் வாரம் மறுபடியும் அதே கதை. அரிப்பும் முடி விழுங்குவதும் இதில் சின்னப் பங்கு. பெரிய பங்கு, உண்ணி கொண்டுவரும் எர்லிக்கியா, பபேசியா காய்ச்சல்கள். அவை வந்த நாய் சாப்பாட்டை மறுக்கும், வாந்தி எடுக்கும், ஈறு வெளிறும், சில சமயம் மூக்கில் ரத்தம் வடியும். "முடி அடைச்சதால சாப்பிடல" என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது ரத்த அணுக்கள் குறைந்துகொண்டிருக்கும். சாப்பிடாத நாயின் உடம்பில் உண்ணி இருந்தால், வயிற்றை ஸ்கேன் செய்வதற்கு முன் ரத்தப் பரிசோதனை கேட்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

இங்கே நம் வீட்டு வைத்தியம் ஒன்று குறுக்கே வரும். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துத் தடவுவது பல வீடுகளில் வழக்கம். நாம் பூசிக்கொண்டால் நக்குவதில்லை, நாய் நக்கும். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வாந்தி, நடுக்கம், வலிப்புவரை போகலாம். உண்ணிக்காகத் தண்ணீரில் கலந்து ஊற்றும் மருந்துகளும் அப்படித்தான். அளவு கூடினாலும், காய்வதற்குள் நாய் நக்கினாலும் வாயில் நுரை தள்ளும், வாந்தி வரும். அந்த வாந்திக்கும் முடி உருண்டை என்ற பெயர் கிடைத்துவிடுவதுண்டு. காலையில் குளிப்பாட்டியதை மருத்துவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை.

அரிப்பே இல்லாமலும் நாய் தன்னை நக்கும். இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட, காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை பூட்டிய அடுக்ககத்தில் தனியாகக் கிடக்கும் நாய் முன்னங்காலின் ஒரே இடத்தை நக்கிப் புண்ணாக்கிவிடும். இதற்கு மருந்துக்கடையில் தீர்வு கிடையாது.

முடி என்றால் அதன் சொந்த முடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தலை வாரிய சிக்கு முடியைச் சுருட்டிப் பையில் போட்டுவைத்து, பாத்திரக்காரர் வரும்போது எடைக்குப் போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தேங்காய் எண்ணெய் மணக்கும் அந்தப் பை நாய்க்குத் தின்பண்டம். மல்லிகைச் சரத்தின் நூலும் அதே கணக்கு. நூல் என்று வரும்போது ஆபத்து வேறு வகை: ஒரு முனை எங்காவது மாட்டிக்கொள்ள, மறு முனையைக் குடல் இழுக்க, குடல் சுருக்குப் பை போலச் சுருங்கி நூல் அதை அறுக்கத் தொடங்கும். நாயின் ஆசனவாயில் நூல் தொங்கினால் அதை வெளியே இழுக்கக் கூடாது. அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இனி, முடியே வராத ஓங்கரிப்புக்கு வருவோம். மருத்துவமனைக்கு வரும் குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. இருமல், ஓங்கரிப்பு, எதுக்களிப்பு, வாந்தி இந்த நான்கையும் வீட்டில் "கக்குது" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். வாந்தியில் வயிறு உள்ளிழுத்துத் துடிக்கும். வருவது பாதி செரித்த உணவு அல்லது மஞ்சள் பித்தநீர். எதுக்களிப்பில் வயிறு அசையாது. தலையைக் குனிந்ததும் விழுங்கிய சோறு அப்படியே, சில சமயம் குழாய் வடிவத்திலேயே கீழே விழும். அது இரைப்பைக்குப் போகவே இல்லை, கோளாறு உணவுக்குழாயில். இருமலின் முடிவில் வரும் ஓங்கரிப்போ கொஞ்சம் வெள்ளை நுரையோடு நின்றுவிடும். இந்தக் கடைசி வகைதான் ஊரை ஏமாற்றுவது.

ஒருவார வெளியூர்ப் பயணத்துக்காக நாயை விடுதியில் விட்டுவிட்டு வந்து, நாலைந்து நாள் கழித்து அது தொண்டையில் ஏதோ சிக்கியதைப் போல "கெக், கெக்" என்று இருமி வெள்ளை நுரையைத் துப்பினால், நாய்களிடையே பரவும் தொற்று இருமலை முதலில் நினைக்க வேண்டும். போர்டெட்டெல்லா என்ற பாக்டீரியாவும் சில வைரஸ்களும் சேர்ந்து உண்டாக்குவது. வளர்ந்த நாய்களுக்குப் பெரும்பாலும் தானே அடங்கும். குட்டிகளுக்கு நுரையீரல் வரை இறங்கலாம். நடுவயது ஸ்பிட்ஸ் நாய் வெயிலில் ஓடிவந்தாலோ கழுத்துப் பட்டையை இழுத்தாலோ வாத்து கத்துவது போல இருமினால், மூச்சுக்குழாயின் வளையங்கள் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும் நோயாக இருக்கலாம். கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு மார்பில் மாட்டும் பட்டைக்கு மாறுவதே அதில் பாதி நிவாரணம். பத்து வயதான சின்ன நாய் ராத்திரி படுத்ததும் இருமுகிறதென்றால் இதயத்தைக் கேட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். இதய வால்வு தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கும் நாய்க்கு முடி உருண்டைப் பசையைக் கொடுத்துக்கொண்டிருப்பது வீண்செலவோடு முடிகிற விஷயம் இல்லை.

எதுக்களிப்புக்கு நம்மைப் போன்ற ஊர்களுக்கு உரிய காரணம் ஒன்று உண்டு. ஸ்பைரோசெர்கா லூபி என்ற புழு. வெப்பநாட்டு நாய்களில் காணப்படுவது. நாயின் மலத்தில் வெளியேறும் அதன் முட்டையைச் சாண வண்டு தின்கிறது. வண்டைப் பல்லியோ ஓணானோ கோழியோ தின்கிறது. வண்டையோ பல்லியையோ நாய் தின்கிறது. புழு ரத்தக்குழாய் வழியாகப் போய் உணவுக்குழாயின் சுவரில் முடிச்சு முடிச்சாகக் கூடு கட்டும். நாய் விழுங்கச் சிரமப்படும், எதுக்களிக்கும், இளைக்கும். வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் முடிச்சு புற்றாக மாறுவதும் உண்டு. மாடுகள் தெருவில் நிற்கும், பல்லியைத் துரத்துவதையே நாய் பொழுதுபோக்காக வைத்திருக்கும் நம் புறநகரில் இந்தப் புழுவைப் பற்றிப் பேச்சே இல்லை என்பது எனக்கு வியப்பு. தொண்டைக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தால் முடிச்சுகள் தெரிந்துவிடும்.

பெரிய உடம்பு, ஆழமான மார்பு உள்ள நாய்களுக்கு வரும் வயிற்று முறுக்கு இதையெல்லாம்விட அவசரமானது. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், செயின்ட் பெர்னார்ட். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு இரைப்பையில் காற்று நிரம்பி, அது தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. உள்ளே இருப்பது மேலேயும் வர முடியாது, கீழேயும் போக முடியாது. நாய் திரும்பத் திரும்ப ஓங்கரிக்கும், எச்சிலைத் தவிர எதுவும் வராது. நிலைகொள்ளாமல் நடக்கும், தன் வயிற்றைத் திரும்பிப் பார்க்கும், விலாவுக்குப் பின்னால் வயிறு மேளம் போல உப்பும். சில மணி நேரம்தான் கையில் இருக்கிறது. இதில் "காலையில பார்த்துக்கலாம்" என்பது கிடையாது.

உண்மையான அடைப்பு என்று வந்தால்கூட முடி பின்வரிசையில்தான் நிற்கும். நம் பக்கத்தில் முதலிடம் மாங்கொட்டைக்கு. சித்திரை முதல் ஆடிவரை சப்பிப் போட்ட கொட்டையை நாய் முழுசாக விழுங்கிவிடும். அது இரைப்பையில் வாரக்கணக்கில் சும்மா உருண்டுகொண்டிருக்கும். ஒருநாள் குடல் வாயில் போய் அடைக்கும். சோளக் கதிரின் தக்கையும் அப்படியே. வேகவைத்த கோழி எலும்பு சில்லாக உடைந்து குத்தும். ஆட்டு எலும்பை அளவில்லாமல் தின்றால் மலம் சுண்ணாம்புக் கட்டியாக இறுகி வெளியே வராது. பிறகு பிளாஸ்டிக். 2019 அக்டோபரில் பக்கத்திலிருக்கும் திருமுல்லைவாயிலிலிருந்து சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவமனைக்கு ஒரு பசுவைக் கொண்டுபோனார்கள். ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக அறுவை செய்து அதன் வயிற்றிலிருந்து 52 கிலோ கழிவை எடுத்தார்கள். பெரும்பகுதி பிளாஸ்டிக் பை. அந்தப் பசு மேய்ந்தது போன்ற குப்பைத்தொட்டிகளில்தான் நம் நாய்களும் மூக்கை நுழைக்கின்றன. பசுவின் வயிறு அரை உடம்பு. 52 கிலோவரை தாங்கியது. நாயின் குடலை அடைக்க ஒரு பால் பாக்கெட்டின் மூலை போதும்.

முடி மட்டுமே வயிறு நிறையச் சேர்வது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நாய்களைவிட மனிதர்களே நல்ல சாட்சி. 2020 ஜனவரியில் கோவையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் 13 வயதுச் சிறுமியின் வயிற்றிலிருந்து சுமார் அரைக் கிலோ முடியையும் காலி ஷாம்பு பாக்கெட்டுகளையும் அறுவை செய்து எடுத்தார்கள். மனத்துயரில் அவள் அவற்றைத் தின்றுவந்திருக்கிறாள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். முடியை எடுப்பது அறுவை மருத்துவரின் வேலை. முடியைத் தின்ன வைத்ததைத் தேடுவது வேறு வேலை, அது இன்னும் நீளமானது. நாயிடமும் இதே வரிசைதான்.

இப்போது நம்மையும் கொல்லக்கூடிய அந்த ஒன்று. நாய் வாயைப் பாதி திறந்தபடி இருக்கிறது, எச்சில் நூலாக ஒழுகுகிறது, விழுங்க முயன்று முடியாமல் ஓங்கரிக்கிறது, குரல் மாறியிருக்கிறது. பார்க்கிற யாருக்கும் தொண்டையில் எலும்போ முடியோ மாட்டியிருக்கிறது என்றே தோன்றும். வாயைப் பிளந்து விரலை விட்டுத் தேடவும் தோன்றும். வெறிநோயின் அடங்கிய வகை சரியாக இப்படித்தான் வரும். வெறிநாய் என்றால் கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துக்கொண்டு ஓடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த வகை நாய் பெரும்பாலும் கடிக்க வராது. தாடையும் தொண்டையும் செயலிழந்து மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். அதைக் காப்பாற்றப் போகிறவரின் விரல் கீறலில் எச்சில் படுவதே போதும். தொண்டையில் எலும்பு என்று வரும் நாயின் வாயில் வெறுங்கையை விடாதே என்று கால்நடை மருத்துவப் பாடநூல்கள் தனியாகவே எச்சரிக்கின்றன.

தடுப்பூசி ஒழுங்காகப் போட்ட வீட்டு நாய்க்கு இந்தச் சந்தேகம் மிகக் குறைவு. தெருநாய்க்குச் சோறு போடுகிறவர்கள், தடுப்பூசி அட்டை எங்கே என்று தெரியாதவர்கள் இதை முதலில் நினைத்துக்கொள்ள வேண்டும். வெறிநோயில் நாய்க்கு அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்தே எச்சிலில் வைரஸ் இருக்கக்கூடும். கை பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கப்பட்டதே இந்த நோய்க்காகத்தான். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயம் நம் பாட்டிமார்களுக்கு அந்தக் காலத்து மருந்தினால் வந்தது. அந்த மருந்து வழக்கொழிந்துவிட்டது, இப்போது கையில் போடும் நாலைந்து ஊசிதான். நோய் முற்றி அறிகுறி வந்துவிட்டால் மட்டும் அன்றும் இன்றும் மருந்து இல்லை.

புல் தின்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாய் அருகம்புல்லைக் கடித்துவிட்டு வாந்தி எடுத்தால் "வயித்துல இருக்கிற முடியை எடுக்க அதுவே மருந்து தேடிக்குது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2008-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக் கால்நடை மருத்துவர்கள் ஆயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நாய் வளர்ப்போரிடம் கேட்டுத் தொகுத்தார்கள். புல் தின்பதற்கு முன் உடம்பு சரியில்லாமல் இருந்த நாய்கள் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. தின்றபின் வழக்கமாக வாந்தி எடுத்தவை ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. ஆரோக்கியமான நாய்களின் சாதாரணப் பழக்கம் என்றே அவர்கள் முடிவு செய்தார்கள். புல்லைத் தின்னவிடலாம், பூச்சி மருந்து அடித்த புல்லாக இல்லாதவரை.

எப்போது கிளம்ப வேண்டும்? ஒரு நாளில் ஒரு தடவை கக்கிவிட்டு உற்சாகமாக இருக்கும் வளர்ந்த நாயை அரை நாள் பட்டினி போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக் கவனிக்கலாம். குடித்த தண்ணீரும் திரும்பி வந்தால், வாந்தி ஒரு நாளைத் தாண்டினால், இரண்டு நாளாக மலம் போகாமல் வயிற்றைத் தொட்டால் முனகினால், வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் நிறமோ இருந்தால், ஈறு வெளிறியிருந்தால், பிடரித் தோலைப் பிடித்து இழுத்துவிட்டதும் அது மெதுவாக இறங்கினால் அன்றைக்கே போக வேண்டும். குட்டி என்றால் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. தடுப்பூசி முடியாத குட்டி வாந்தி எடுத்தால் பார்வோ வைரஸ் என்று பயந்து ஓடுவதே சரி; ரத்தபேதி தொடங்கும்வரை காத்திருந்தால் பாதி நாய் போய்விட்டிருக்கும்.

பட்டாபிராமிலிருந்து வேப்பேரி இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. 1989-இலிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ். எக்ஸ்ரே, ஸ்கேன், குழாய்க் கேமரா, அறுவை எல்லாம் ஒரே வளாகத்தில். பக்கத்துத் தெரு மருத்துவர் சமாளிக்கக்கூடியதை அங்கே சுமந்துபோக வேண்டியதில்லை. ஆனால் அடைப்பு என்று அவர் சந்தேகித்து மேலே அனுப்பினால் மறுநாளுக்குத் தள்ளக் கூடாது. எக்ஸ்ரேயில் எலும்பும் உலோகமும் பளிச்சென்று தெரியும். முடி தெரியாது, உணவு மாதிரியே மங்கலாக இருக்கும். "எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க" என்று திரும்பி வந்துவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேரியம் கொடுத்துப் படம் எடுத்தாலோ ஸ்கேன் செய்தாலோதான் முடிக்கட்டி வெளிப்படும். சிறியதென்றால் குழாய்க் கேமரா வழியே இடுக்கியால் எடுத்துவிடலாம். பெரியதென்றால் அறுவைதான்.

அதற்கு முன் வீட்டில் செய்யக்கூடாதவை சில. உப்பைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது நாயின் ரத்தத்தில் உப்பை ஏற்றி வலிப்பில் கொண்டுபோய்விடும். விளக்கெண்ணெயையோ மலமிளக்கிப் பாரஃபினையோ வாயைப் பிளந்து ஊற்றினால் ஒரு வாய் நுரையீரலுக்குப் போகும்; எண்ணெய் போன நுரையீரல் லேசில் ஆறாது. நமக்கு எழுதிக்கொடுத்த வாந்தி மாத்திரை அடைப்பை ஒரு நாள் மறைத்துவைக்கும், அந்த ஒரு நாளில் குடல் அழுகும். பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் பக்கமே போக வேண்டாம். வேகவைத்த பரங்கிக்காயை இரண்டு ஸ்பூன் சோற்றில் பிசைந்து வைப்பது, மலத்தில் முடி வரும் ஆரோக்கியமான நாய்க்கு நல்லது. அடைத்துக்கொண்ட நாய்க்கு அதுவும் கூடாது.

சீப்பு விஷயத்தில் நம் ஆட்கள் தலைகீழாக நடக்கிறார்கள். குளிப்பாட்டிவிட்டுச் சீவுகிறார்கள். ஷிட்சுவின் சிக்கு, தண்ணீர் பட்டதும் இறுகிக் கம்பளமாகிவிடும், பிறகு கத்தரிதான். முதலில் சீவி உதிர்ந்ததை எடுத்துவிட்டு அப்புறம் குளிப்பாட்ட வேண்டும். வாரத்துக்கு மூன்று நாளாவது சீவினால் வயிற்றுக்குப் போக வேண்டிய முடி சீப்புக்கு வந்துவிடும். குளிர்நாடுகளில் நாய்கள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மொத்தமாக முடி உதிர்க்கும். நம் வெயிலில் வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கின்றன, ஆகவே சீப்புக்கும் விடுமுறை இல்லை. சித்திரை வெயிலுக்கு மொட்டையடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்பிட்ஸ், கோல்டன் போன்ற இரட்டை அடுக்கு முடி நாய்களில் மேல் அடுக்கு வெயிலையும் தடுக்கிறது. மழித்தபின் அது பழையபடி வளராமலும் போகலாம். பாதத்திலும் வயிற்றடியிலும் ஒட்டக் கத்தரித்தால் போதும்.

மருத்துவரிடம் போகும்போது ஓங்கரிப்பதைச் செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போவது நல்லது. மேசையில் ஏற்றியதும் எந்த நாயும் இருமாது. நாய் கக்கிய முடியையும் கழுவிவிடாமல் ஒரு பையில் எடுத்துப் போகலாம். அது நாயின் முடியா, சவுரி முடியா, தேங்காய் நாரா என்பதே சில சமயம் செய்தி. நாய் சொட்டையாக இருக்கும் இடத்தின் ஓரத்திலிருந்து மருத்துவர் நாலு முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்ப்பார். நுனி கூர்மையாக இருந்தால் முடி தானாக உதிர்ந்திருக்கிறது. தைராய்டு போன்ற சுரப்பிகளைச் சோதிக்கச் சொல்வார். நுனி முறிந்து பிசிறாக இருந்தால் நாயே கடித்திருக்கிறது, அடுத்து உண்ணியையும் தெள்ளையும் தேடத் தொடங்குவார்.